பாதுகாப்பு ஸ்கேனரை நாமே கட்டுவதா, கிளவுடில் வாங்குவதா?

புதிதாகப் படிப்பவர்களுக்காகக் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நாற்பது டெவலப்பர்கள் உள்ள நிறுவனம். வங்கி சாரா நிதி நிறுவனங்களுக்குக் கடன் மேலாண்மை மென்பொருள் செய்து தருகிறார்கள். பெரும்பகுதி பைத்தான், பழைய பகுதி ஜாவா, எல்லாமே கிட்ஹப் என்ற கோடு சேமிப்புத் தளத்தில். "கோடு வெளியே போகக் கூடாது, கோட்டில் பாதுகாப்பு ஓட்டைகளைத் தேடும் ஸ்கேனரை நாமே எழுதிக்கொள்வோம்" என்று குழுவில் பாதிப்பேர் சொல்கிறார்கள். "கிளவுட் கருவிக்குப் பணம் கட்டிவிட்டு நம் வேலையைப் பார்ப்போம்" என்கிறார்கள் மீதிப்பேர். இதற்கு நடுவில் ஒரு வாடிக்கையாளர் எஸ்பாம் (மென்பொருளுக்குள் இருக்கும் லைப்ரரிகளின் பட்டியல்) வேண்டும் என்று கடிதம் அனுப்பியிருக்கிறார். எந்தப் பக்கம் போவது?

என் பதில்: ஸ்கேனரை எழுத வேண்டாம். அந்த ஸ்கேனருக்குள் போடும் விதிகளில் உங்கள் தொழில் சார்ந்தவற்றை மட்டும் நீங்களே எழுதுங்கள். கிளவுடில் ஒன்றே ஒன்றுக்குப் பணம் கட்டுங்கள். எதற்கு என்று கீழே வருகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். "நாமே கட்டுவது" வேறு, "நம் சர்வரில் நாமே ஓட்டுவது" வேறு. கோடு வெளியே போகக் கூடாது என்பதுதான் கவலை என்றால், ஓப்பன் சோர்ஸ் கருவியை கோட்டைத் தொகுக்கும் உங்கள் பில்ட் மெஷினிலேயே ஓட்டினால் போதும். அதற்காக கோட்டின் இலக்கணத்தைப் பிரித்துப் படிக்கும் ஒரு பார்சரை உட்கார்ந்து எழுதத் தேவையில்லை. தவிர, உங்கள் கோடு ஏற்கனவே கிட்ஹப்பில்தான் இருக்கிறது. "வெளியே போகக் கூடாது" என்ற வாதம் அங்கேயே பாதி கரைந்துவிட்டது. நம் சர்வரில் இருந்தால் பாதுகாப்பு என்றும் எடுத்துக்கொள்ள முடியாது. 2020இல் அமெரிக்காவின் எஃப்பிஐ ஒரு எச்சரிக்கை விட்டது. பல நிறுவனங்கள் கோட்டைச் சோதிக்கும் தங்கள் சோனார்க்யூப் சர்வரை 9000 என்ற இயல்பான போர்ட்டிலும், அட்மின்/அட்மின் என்ற இயல்பான பாஸ்வேர்டிலும் இணையத்தில் திறந்து போட்டிருந்தன. தாக்குபவர்கள் அதன் வழியாகவே நுழைந்து மூலக் கோட்டை அள்ளிச் சென்றார்கள். கோட்டைக் காக்க வைத்த கருவியே வாசலாகிப் போனது. நீங்களே ஓட்டுவதாக முடிவு செய்தால், அந்த சர்வருக்கு பேட்ச் போடுவதும் லாகினைப் பூட்டுவதும் உங்கள் தலையில் விழும் வேலைகள்.

அடுத்து, லைப்ரரிகளில் இருக்கும் ஓட்டைகளைக் கண்டுபிடிக்கும் வேலை. இதை நாமே எழுதலாம் என்று நினைப்பவர்கள்தான் அதிகம். பட்டியலை எடுத்து, பதிப்பு எண்ணை ஒப்பிட்டால் முடிந்தது என்று தோன்றும். 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற ஜாவா லைப்ரரியின் ஓட்டை வெளியானபோது என்ன நடந்தது என்று பாருங்கள். 2.15.0 பதிப்புதான் தீர்வு என்றார்கள். சில நாட்களில் அது போதாது, 2.16.0 என்றார்கள். பிறகு 2.17.0, மாதம் முடிவதற்குள் 2.17.1. ஒப்பிடும் தரவு பழையதாக இருந்தால், "எல்லாம் சரி" என்று பச்சை விளக்கு காட்டிக்கொண்டே இருக்கும். அதோடு அந்த லைப்ரரி நேரடியாக உங்கள் பட்டியலில் இருக்காது. ஜாவா கோடு அடைக்கப்பட்ட ஒரு ஜார் கோப்புக்குள் இன்னொரு ஜார், அதற்குள் இன்னொன்று என்று ஒளிந்திருக்கும். சிலர் பேக்கேஜ் பெயரையே மாற்றித் தங்கள் லைப்ரரிக்குள் சேர்த்து வைத்திருப்பார்கள். பட்டியலை மட்டும் படிக்கும் ஸ்கிரிப்ட் இதையெல்லாம் கண்டுபிடிக்காது.

தரவு எங்கிருந்து வருகிறது என்பதும் ஒரு பெரிய விஷயம். வீட்டிலேயே எழுதப்பட்ட ஸ்கேனர்கள் பெரும்பாலும் அமெரிக்க அரசின் என்விடி என்ற ஓட்டைகள் தரவுத்தளத்தை மட்டும் நம்பி எழுதப்பட்டவை. 2024 பிப்ரவரியில் அங்கே புதிய ஓட்டைகளுக்கு மதிப்பெண்ணும் பதிப்பு விவரமும் சேர்க்கும் வேலை ஏறக்குறைய நின்றது. ஆயிரக்கணக்கான பதிவுகள் வெறும் எண்ணோடு கிடந்தன. 2025 ஏப்ரலில் ஒவ்வொரு ஓட்டைக்கும் அடையாளமாக சிவிஇ எண்களை வழங்கும் திட்டத்தின் ஒப்பந்தமே முடியப் போகிறது என்ற செய்தி வந்தது. கடைசி நேரத்தில் பதினொரு மாதம் நீட்டித்தார்கள். கூகுள் 2021இல் தொடங்கிய ஓஎஸ்வி என்ற ஓட்டைத் தரவு, கிட்ஹப்பின் எச்சரிக்கைத் தரவு, ஒவ்வொரு லினக்ஸ் விநியோகத்தின் அறிவிப்புகள் என எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும் கருவிகள் இந்தக் காலத்தில் ஓரளவு தாக்குப்பிடித்தன. இந்தச் சேர்க்கும் வேலையை நாற்பது பேர் கொண்ட நிறுவனம் செய்வதில் எந்தப் பயனும் இல்லை. லைப்ரரி ஓட்டைகளை எச்சரிக்கும் கிட்ஹப்பின் டிபெண்டபாட் உங்கள் தனியார் ரெப்போக்களுக்கும் (கோடு சேமிப்பிடங்களுக்கும்) இலவசம். கன்டெய்னர் படிமங்களுக்கு (மென்பொருளையும் அதற்குத் தேவையானவற்றையும் சேர்த்து அடைத்த பொதிகளுக்கு) ட்ரிவி அல்லது க்ரைப் என்ற ஸ்கேனர் போதும். அந்தத் தலைப்பை அத்தோடு மூடிவிடலாம்.

இனி உங்கள் சொந்தக் கோட்டைச் சோதிக்கும் வேலை. நீங்கள் நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இது.

ஜாங்கோ என்ற பைத்தான் கட்டமைப்பில் கடன் விவரம் காட்டும் ஒரு ஏபிஐ (மற்ற நிரல்கள் அழைக்கும் இடைமுகம்) இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முகவரியில் வரும் கடன் எண்ணை எடுத்து, தரவுத்தளத்தில் அந்த வரிசையைத் தேடி, ஜேசன் வடிவத் தரவாகத் திருப்பி அனுப்புகிறது. லாகின் சோதனை இருக்கிறது. தரவுத்தளக் கட்டளையைத் திரித்து நுழையும் எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷனுக்கு வழியில்லை, ஜாங்கோவே அதைப் பார்த்துக்கொள்கிறது. பொதுவான ஸ்கேனர் இதில் குறை சொல்லாது, குறை என்று அதற்குத் தெரியவும் தெரியாது. ஆனால் ஒரு நிதி நிறுவனத்தின் ஊழியர் லாகின் செய்துவிட்டு, முகவரியில் இருக்கும் 48213ஐ 48214 என்று மாற்றிப் பார்த்தால், இன்னொரு நிதி நிறுவனத்தின் கடன்தாரருடைய பான் எண், சம்பளம், தவணை நிலுவை எல்லாம் திரையில் வந்து நிற்கும். மென்பொருள் பாதுகாப்புக்கான ஓவாஸ்ப் அமைப்பின் ஏபிஐ ஆபத்துப் பட்டியலில் 2019இலும் 2023இலும் முதலிடம் இந்த வகைப் பிழைக்குத்தான். உங்கள் தொழிலில் ஒரு நிறுவனத்தை மூடவைக்கக்கூடிய பிழை இருக்கிறதென்றால் அது இதுதான். எந்தக் கிளவுட் கருவிக்கும் "கடன்" என்ற மாடல் (தரவு வகை) நிறுவன வாரியாகப் பிரிக்கப்பட வேண்டியது என்று தெரியாது. உங்களுக்குத்தான் தெரியும்.

நாம் எழுதும் விதிகளின்படி கோட்டில் தேடித் தரும் செம்க்ரெப்பில் இதற்கு விதி எழுதுவது எளிது. கடன், கடன்தாரர், தவணை ஆகிய மாடல்களை எண்ணை மட்டும் கொடுத்து எடுக்கும் வடிவம் வந்தால் பிடி. நிறுவன அடையாளமும் கூடவே இருந்தால் விட்டுவிடு. அவ்வளவுதான். யாம்ல் என்ற எளிய கோப்பு வடிவில் பத்துப் பதினைந்து வரி. விதியோடு ஒரு சோதனைக் கோப்பையும் வையுங்கள். பிடிக்க வேண்டிய வரிகளும் விட வேண்டிய வரிகளும் அதில் குறிக்கப்பட்டிருக்கட்டும். விதியை யாராவது திருத்தும்போது உடைந்தால் உடனே தெரியும்.

ஆனால் ஒரு எல்லை உண்டு. செம்க்ரெப்பின் இலவசப் பதிப்பு ஒரு கோப்புக்குள் நடப்பதைத்தான் பார்க்கும். கடனை எடுக்கும் வேலையை இன்னொரு கோப்பில் இருக்கும் துணைச் செயற்கூறு செய்தால், விதி கண்ணை மூடிக்கொள்ளும். அதனால் நான் எப்போதும் சொல்வது, விதிக்கு முன்னால் கோட்டை ஒழுங்குபடுத்துங்கள். தரவுத்தளத்தைத் தொடும் எல்லா அழைப்பும் நிறுவன வடிகட்டியைத் தானாகச் சேர்க்கும் ஒரே வாசல் வழியாகப் போகட்டும். அப்புறம் விதி இன்னும் எளிதாகிவிடும்: அந்த வாசலைத் தாண்டி யாரும் மாடலை நேரடியாகத் தொடக் கூடாது. போஸ்ட்க்ரெஸ் தரவுத்தளத்தைப் பயன்படுத்தினால், வரிசை அளவிலான அனுமதியையும் தரவுத்தளத்திலேயே போட்டுவிடுங்கள். ஸ்கேனர் தவறவிட்டாலும் தரவுத்தளம் மறுத்துவிடும்.

இதே வகையில் இன்னும் சில விதிகள் உங்களுக்கென்றே உண்டு. பான், ஆதார் எண் உள்ள எந்தப் புலமும் லாக் வரிக்குள் போகக் கூடாது. வட்டிக் கணக்கில் ஃப்ளோட் (தோராயமான தசம எண்) வரக் கூடாது, துல்லியமான டெசிமல்தான். கடன் தள்ளுபடிச் செயற்கூறை அழைக்கும் இடத்தில் இரண்டாவது ஒப்புதல் சோதனை இருந்தே ஆக வேண்டும். இப்படி ஏழெட்டு விதிகள் சேர்ந்தால், எந்த விலைக்கும் கிடைக்காத ஒரு கருவி உங்களிடம் இருக்கும். பழைய பிழைகளின் பட்டியலை எடுத்து உட்காருங்கள். கடந்த இரண்டு ஆண்டுகளில் உங்கள் கோட்டில் சிக்கிய ஒவ்வொரு பாதுகாப்புப் பிழைக்கும் "இதை ஒரு விதியால் பிடித்திருக்க முடியுமா?" என்று கேட்டுப் பாருங்கள்.

விதிகளை ஓட்டும் எஞ்சினையும் சேர்த்து ஏன் எழுதக் கூடாது? ஃபேஸ்புக் எழுதியதே என்று கேட்பவர்கள் உண்டு. எழுதியது உண்மை. ஹேக் என்ற தங்கள் சொந்த மொழிக்கு ஸோன்கோலான் என்ற கருவி, இன்ஸ்டாகிராமின் பைத்தான் கோட்டுக்கு பைசா என்ற கருவி. 2020இன் முதல் பாதியில் இன்ஸ்டாகிராம் சர்வர் கோட்டில் கண்டுபிடிக்கப்பட்ட பாதுகாப்புப் பிழைகளில் 44 சதவீதத்தை பைசாதான் பிடித்தது என்று அவர்களே வெளியிட்டார்கள். ஆனால் ஹேக் மொழிக்குச் சந்தையில் கருவியே கிடையாது, கோடோ பத்துக் கோடி வரிகளைத் தாண்டியது. அதற்கென்றே ஒரு குழுவை வைத்துக்கொள்ள அவர்களால் முடியும். மொழி மாறிக்கொண்டே இருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. பைத்தான் 3.10இல் மேட்ச் வந்தது, 3.12இல் எஃப்-ஸ்ட்ரிங் இலக்கணமே மாறியது, ஜாவா 21இல் ஸ்விட்ச் மாறியது. ஒவ்வொரு முறையும் உங்கள் பார்சர் தடுமாறும். நான் ஆலோசனைக்குப் போன ஒரு நிறுவனத்தில் வீட்டுத் தயாரிப்பு ஸ்கேனர் ஒன்று இருந்தது. எழுதியவர் வேலை மாறிப் போய்விட்டார். புதிய இலக்கணம் உள்ள கோப்புகளைப் படிக்க முடியாமல் அது சத்தமில்லாமல் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. அறிக்கையில் பிழை பூஜ்யம். மேலாளர்கள் அந்தப் பூஜ்யத்தைப் பார்த்து மகிழ்ந்திருந்தார்கள். எந்தக் கருவியாக இருந்தாலும் சரி, "எத்தனை கோப்புகளைப் படித்தாய், எத்தனையைத் தாண்டினாய்" என்ற எண்ணை அறிக்கையின் முதல் வரியில் கேட்டு வாங்குங்கள்.

விதிகள் உங்களுடையவை என்பதால் இன்னொரு நன்மையும் இருக்கிறது. 2024 டிசம்பரில் செம்க்ரெப் நிறுவனம் தன் விதிகளின் உரிமத்தை மாற்றியது. அடுத்த மாதமே சில நிறுவனங்கள் சேர்ந்து ஓப்பன்க்ரெப் என்ற கிளையைத் தொடங்கின. அந்த நிறுவனத்தின் விதித் தொகுப்பைத் தங்கள் தயாரிப்புக்குள் வைத்து விற்றவர்களுக்குத்தான் பெரிய அடி. தாங்களே எழுதிய விதிகளை வைத்திருந்தவர்கள் அதே கோப்புகளை ஓப்பன்க்ரெப்பில் ஓட்டிக்கொள்ள முடிந்தது.

சரி, கிளவுட் கருவி. எல்லோரும் "எங்கள் கோட்டை அவர்கள் பார்த்துவிடுவார்களே" என்று பயப்படுகிறார்கள். என் பயம் வேறு. அந்தக் கருவி பில்ட் பைப்லைனுக்குள் ஓடும்போது அதன் கைக்கெட்டும் தூரத்தில் எந்தச் சாவிகள் இருக்கின்றன என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

கோட்கவ் சம்பவம் இதற்கு நல்ல உதாரணம். அது பாதுகாப்புக் கருவிகூட இல்லை, சோதனைகள் கோட்டின் எவ்வளவு பகுதியைத் தொடுகின்றன என்று அளக்கும் சேவை. அதன் பதிவேற்றும் ஸ்கிரிப்டில் 2021 ஜனவரி 31 முதல் யாரோ ஒரு வரியைச் சேர்த்திருந்தார்கள். பில்ட் மெஷினில் இருந்த எல்லாச் சூழல் மாறிகளையும் வெளியே ஒரு ஐபி முகவரிக்கு அனுப்பும் வரி. அங்கேதான் கிளவுட் சாவிகளும் டோக்கன்களும் பாஸ்வேர்டுகளும் இருக்கும். இரண்டு மாதம் யாருக்கும் தெரியவில்லை. ஏப்ரல் 1 அன்றுதான் வெளிப்பட்டது. இறக்கிய ஸ்கிரிப்டின் ஹேஷும் (கோப்பின் கைரேகை போன்ற குறியீடு) கிட்ஹப்பில் போட்டிருந்த ஹேஷும் பொருந்தவில்லை என்று ஒரு வாடிக்கையாளர் கவனித்துச் சொன்னார். அந்தச் சேவையைப் பயன்படுத்திய ஹாஷிகார்ப் நிறுவனம் தன் வெளியீடுகளில் கையெழுத்திடும் சாவியையே மாற்ற வேண்டியதாயிற்று.

2023 ஜனவரி 4 அன்று சர்க்கிள்சிஐ என்ற பில்ட் சேவை தன் எல்லா வாடிக்கையாளர்களிடமும் "எங்களிடம் வைத்திருந்த ரகசியங்கள் அனைத்தையும் மாற்றிவிடுங்கள்" என்று சொன்னது. ஒரு பொறியாளரின் லேப்டாப்பில் புகுந்த மால்வேர், இரண்டடுக்குச் சரிபார்ப்பு முடிந்த பிறகான செஷனைத் திருடியிருந்தது. ஓப்பன் சோர்ஸ்காரர்களும் இதிலிருந்து தப்பவில்லை. 2025 மார்ச்சில் 23,000க்கும் மேற்பட்ட ரெப்போக்கள் பயன்படுத்திய, பில்டில் ஓடும் ஆயத்தத் துண்டான ஒரு கிட்ஹப் ஆக்‌ஷனின் பதிப்புக் குறிகளை எல்லாம் தாக்குபவர்கள் ஒரு கெட்ட கமிட்டுக்கு (பதிவான கோடு மாற்றத்துக்கு)த் திருப்பிவிட்டார்கள். பில்ட் லாக்கில் ரகசியங்கள் கொட்டின. முழு கமிட் ஹேஷைக் குறிப்பிட்டு அந்த ஆக்‌ஷனைக் கட்டிவைத்திருந்தவர்கள் தப்பித்தார்கள்.

அதனால் கிளவுடோ சொந்தமோ, ஸ்கேன் ஓடும் ஜாபைத் தனியாகப் பிரியுங்கள். அதில் டிப்ளாய் (வெளியீட்டு) சாவி எதுவும் இருக்கக் கூடாது. கிட்ஹப் டோக்கனுக்குக் கோட்டைப் படிக்கும் அனுமதி மட்டும் போதும், கருத்து எழுத வேண்டுமென்றால் புல் ரிக்வெஸ்டில் (மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கையில்) எழுதும் அனுமதியைச் சேருங்கள். சில கருவிகள் "தானாகத் திருத்தித் தருகிறோம்" என்று கோட்டில் எழுதும் அனுமதியையும் கேட்கும். தொடக்கத்தில் மறுத்துவிடுங்கள். கிளவுடுக்கு டிப்ளாய் செய்யும் இடத்தில் நிரந்தரச் சாவியை எடுத்துவிட்டு ஓஐடிசி என்ற அடையாளச் சரிபார்ப்பு முறை வழியாகச் சில நிமிடங்களே வாழும் டோக்கனுக்கு மாறுங்கள். விற்பனையாளரிடம் நேராகக் கேட்க வேண்டிய கேள்வி: கோடு உங்கள் சர்வருக்கு வருகிறதா, அல்லது எங்கள் மெஷினில் ஸ்கேன் முடிந்து முடிவு மட்டும் வருகிறதா? இரண்டு வகையும் சந்தையில் உண்டு. ஒரே தயாரிப்பிலேயே இரண்டு வழியும் இருப்பதுண்டு.

எதற்குப் பணம் கட்டச் சொல்கிறேன் என்றால், சாவி, பாஸ்வேர்டு போன்ற ரகசியங்களை புஷ் செய்யும்போதே (கோட்டைக் கிட்ஹப்புக்கு அனுப்பும்போதே) தடுக்கும் வசதிக்கு. ரகசியங்களைத் தேடும் கிட்லீக்ஸை டெவலப்பரின் கணினியில், கமிட்டுக்கு முன் ஓடும் ப்ரீ-கமிட்டாகப் போடலாம், ஆனால் ஒரு சிறிய ஆப்ஷனால் அதைத் தாண்டிவிட முடியும். பில்டில் போடலாம், ஆனால் அது ஓடும் நேரத்துக்குள் சாவி ரெப்போவுக்குள் ஏறி, வரலாற்றில் பதிந்துவிட்டிருக்கும். புஷ் செய்த கோட்டை சர்வர் பெற்றுக்கொள்ளும் நேரத்திலேயே உங்கள் சொந்த ஸ்கிரிப்டை ஓட்டும் வசதி கிட்ஹப்பின் சொந்த சர்வர் பதிப்பில்தான் உண்டு, கிட்ஹப் டாட் காமில் கிடையாது. நீங்கள் எவ்வளவு திறமைசாலிகளாக இருந்தாலும் அந்த இடத்தில் உங்களால் கட்ட முடியாது. டொயோட்டாவின் டி-கனெக்ட் என்ற கார் இணைப்புச் சேவையின் கோடு ஒரு சாவியோடு சேர்ந்து 2017 டிசம்பர் முதல் 2022 செப்டம்பர் வரை பொது ரெப்போவில் கிடந்தது. 2,96,019 வாடிக்கையாளர்களின் மின்னஞ்சல் முகவரிகள் வெளிப்பட்டிருக்கலாம் என்று அந்த நிறுவனம் அறிவிக்க நேர்ந்தது.

2025 ஏப்ரலில் கிட்ஹப் தன் பாதுகாப்புத் தொகுப்பை இரண்டாகப் பிரித்தது. ரகசியப் பாதுகாப்புக்கு மாதம் 19 டாலர், கோடு பாதுகாப்புக்கு 30 டாலர், கடந்த 90 நாட்களில் கமிட் செய்த ஒவ்வொருவருக்கும். நாற்பது பேருக்கு முதலாவது மட்டும் ஆண்டுக்கு 9,120 டாலர். இரண்டும் சேர்ந்தால் 23,520 டாலர், ஏறக்குறைய இருபது லட்சம் ரூபாய். அந்தத் தொகையில் இரண்டாவது பங்கை நான் கட்டமாட்டேன். அதை உங்கள் குழுவில் ஒருவரின் வாரத்தில் இரண்டு நாட்களாக மாற்றி, விதிகளுக்கும் எச்சரிக்கைகளைப் படிப்பதற்கும் கொடுப்பேன்.

படிப்பதற்கு ஆள் வேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். கூகுள் 2009இல் ஜாவா கோட்டில் பிழை தேடும் ஃபைண்ட்பக்ஸ் கருவியின் எச்சரிக்கைகளைத் தீர்க்க நூற்றுக்கணக்கான பொறியாளர்களை உட்காரவைத்தது. 3,954 எச்சரிக்கைகளைப் பார்த்தார்கள். திருத்தப்பட்டவை 640. அதற்கு முன்னால் இரவுதோறும் ஸ்கேன் செய்து டாஷ்போர்டில் போட்டுப் பார்த்தார்கள், யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. பிறகுதான் கோடு மதிப்பாய்வு நடக்கும் இடத்திலேயே, மாற்றப்பட்ட வரிக்குப் பக்கத்திலேயே எச்சரிக்கையைக் காட்டும் முறைக்கு வந்தார்கள். நீங்களும் பழைய கோட்டின் ஆயிரம் எச்சரிக்கைகளை முதல் நாளே டெவலப்பர்களின் தலையில் கொட்டாதீர்கள். புதிதாக மாறும் வரிகளுக்கு மட்டும் புல் ரிக்வெஸ்டில் காட்டுங்கள். ஒரு விதி பொய்யாக அலறிக்கொண்டே இருந்தால், அதைத் திருத்தும்வரை அணைத்து வையுங்கள்.

உங்கள் வாடிக்கையாளர்கள் ரிசர்வ் வங்கியின் கண்காணிப்பில் இருப்பவர்கள் என்பதால் ஒரு விஷயம். ஐடி சேவைகளை வெளியாருக்குக் கொடுப்பது பற்றிய ரிசர்வ் வங்கியின் 2023 ஏப்ரல் வழிகாட்டுதல் அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. வேலையை வெளியே கொடுத்தாலும் பொறுப்பு நிதி நிறுவனத்திடமே இருக்கும் என்பது அதன் அடிப்படை. ஆகவே உங்களுக்குக் கீழே யார் யார் இருக்கிறார்கள் என்று அவர்கள் கேட்பார்கள். கிளவுட் ஸ்கேனர் வாங்கினால் அந்தப் பெயரும் பட்டியலில் ஏறும். கையெழுத்திடும் முன் வாடிக்கையாளரிடம் சொல்லிவிடுங்கள். இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவுப்படி, சம்பவம் கவனத்துக்கு வந்த ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். விற்பனையாளர் தன் பக்கம் நடந்த ஊடுருவலை உங்களுக்கு எத்தனை மணி நேரத்தில் சொல்வார் என்பதை ஒப்பந்தத்தில் எண்ணாகவே எழுதி வாங்குங்கள். "நியாயமான காலத்துக்குள்" என்ற சொல்லை ஏற்காதீர்கள்.

எஸ்பாம் என்பது உங்கள் மென்பொருளுக்குள் என்னென்ன லைப்ரரிகள், எந்தெந்தப் பதிப்பில் இருக்கின்றன என்ற பட்டியல். செர்ட்-இன் 2024 அக்டோபரில் இதற்கு வழிகாட்டுதல் வெளியிட்டது, செபியும் தன் கட்டமைப்பில் அதே ஆண்டு இதைச் சேர்த்தது. அதனால்தான் கடிதங்கள் வரத் தொடங்கியிருக்கின்றன. இதற்குக் காசு வேண்டாம். சிஃப்ட் என்ற பட்டியல் கருவி அல்லது ட்ரிவி உங்கள் கன்டெய்னர் படிமத்திலிருந்து சைக்ளோன்டிஎக்ஸ் என்ற எஸ்பாம் வடிவில் எடுத்துத் தரும். ரெப்போவில் இருக்கும் பட்டியல் கோப்பிலிருந்து எடுக்காமல், வாடிக்கையாளருக்குப் போகும் அந்தப் படிமத்திலிருந்தே எடுங்கள். இரண்டும் பெரும்பாலும் ஒத்துப்போகாது. ஒவ்வொரு வெளியீட்டின்போதும் எடுத்து, எஸ்பாம்களைக் கண்காணிக்கும் ஓவாஸ்பின் டிபெண்டென்சி-ட்ராக்கை உங்கள் சர்வரில் நிறுவி அதில் ஏற்றுங்கள். எந்த வாடிக்கையாளரிடம் எந்தப் பதிப்பு ஓடுகிறது என்பதையும் அங்கேயே குறித்துவைத்தால், அடுத்த கடிதத்துக்கு அன்று மாலையே பதில் போட்டுவிடலாம்.